மார்பக அறுவைக்குப் பின் நீடிக்கும் வலியும் நரம்பு மறிப்பு ஊசியும்: ஓர் எளிய விளக்கம்

மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் பலர், தையல் பிரித்து, புண் ஆறி, தழும்பும் வெளுத்த பிறகு ஒரு வலியைச் சொல்வார்கள். அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் எரிச்சல், தழும்பை ஒட்டி மின்சாரம் பாய்வது போன்ற சுருக்கென்ற குத்தல், துணி உரசினாலே தாங்க முடியாத கூச்சம், மரத்துப்போன தோலுக்கு நடுவிலேயே ஒரு வலி என்று அது பல விதமாக வெளிப்படும். புற்று திரும்பிவிட்டதோ என்ற அச்சமே முதலில் எழும். பரிசோதித்து அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், உயிர் பிழைத்ததே பெரிது என்ற எண்ணத்தில் நோயாளியும் குடும்பத்தாரும் அந்த வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது கற்பனையும் அல்ல, அரிதானதும் அல்ல. அறுவையின்போது நரம்பை மரக்கச் செய்யப் போடும் நரம்பு மறிப்பு ஊசி இந்த வலியைத் தடுக்குமா என்பதே இங்கே நம் கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆவது பதிப்பு, 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, அறுவைக்குப் பின் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் கொடுத்தது. அறுவைக்குப் பிறகு புதிதாகத் தோன்றிய அல்லது முன்பிருந்ததைவிட அதிகரித்த வலி, புண் ஆறுவதற்கு வேண்டிய காலத்தைத் தாண்டி, குறைந்தது 3 மாதங்களாவது நீடித்தால் அது இந்த வகையில் சேரும். வலி அறுவை நடந்த இடத்திலோ அந்த இடத்து நரம்பு சென்று சேரும் பகுதியிலோ இருக்க வேண்டும்; சீழ், புற்று திரும்புதல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதியாக வேண்டும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கு டென்மார்க்கில் நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பு நல்ல சான்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு, 2 முதல் 3 ஆண்டுகள் கழித்து வினாத்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதிய 3253 பெண்களில் 47 விழுக்காட்டினர் இன்னும் வலி இருப்பதாகத் தெரிவித்தனர். அப்படித் தெரிவித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி லேசானது. 13 விழுக்காட்டினருக்குக் கடுமையானது. மரத்துப்போதல் முதலான உணர்வுக் கோளாறுகளை மொத்தப் பெண்களில் 58 விழுக்காட்டினர் குறிப்பிட்டனர். 2009-இல் வெளிவந்த இந்தக் கணக்கெடுப்பில் என் கண்ணில் பட்ட இன்னொரு எண் உண்டு. வலி இருந்தவர்களில் 20 விழுக்காட்டினர் மட்டுமே முந்தைய 3 மாதங்களில் அதற்காக ஒரு மருத்துவரை அணுகியிருந்தார்கள். மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத நாட்டிலேயே இதுதான் நிலை.

இந்த வலி ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ள, மார்பகத்துக்கு உணர்வு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு, முதுகுத் தண்டிலிருந்து கிளம்பி முன்பக்கமாக ஓடுகிறது. அது உடலின் பக்கவாட்டில் ஒரு கிளையையும், நடு மார்பெலும்பின் அருகே இன்னொரு கிளையையும் தோலுக்கு அனுப்புகிறது. மார்பகத்தின் பெரும்பகுதிக்கு உணர்வு தருபவை 2 முதல் 6 வரையுள்ள விலாவிடை நரம்புகளின் இந்தக் கிளைகள்தான். காரை எலும்பை ஒட்டிய மேற்பகுதித் தோலுக்குக் கழுத்திலிருந்து இறங்கும் நரம்புகள் உணர்வு தருகின்றன. மார்பகத்துக்கு அடியில் உள்ள மார்புத் தசைகளுக்கோ, கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலிலிருந்து தனிக் கிளைகள் வருகின்றன. ஆக மூன்று திசைகளிலிருந்து நரம்புகள் வந்து கூடும் இடம் இது. ஒரே ஊசியால் அத்தனையையும் மரக்கச் செய்வது கடினம் என்பதற்கும் இதுவே காரணம்.

இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியது இரண்டாம் விலாவிடை நரம்பின் பக்கவாட்டுக் கிளை. இது நெஞ்சுக்கூட்டைவிட்டு வெளியே வந்ததும் அக்குளைக் குறுக்காகக் கடந்து, மேற்கையின் உட்புறத் தோலுக்குப் போய்ச் சேருகிறது. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் எந்தக் கொழுப்புத் திசுவில் புதைந்திருக்கின்றனவோ, அதே திசுவின் ஊடாகத்தான் இதன் பாதையும் இருக்கிறது. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவோ, பரவியதை அகற்றவோ அந்தக் கணுக்களை வெட்டி எடுக்கும்போது இந்த நரம்பு வெட்டுப்படலாம், இழுபடலாம், இரத்தக் கசிவை நிறுத்தும் மின்கருவியின் சூட்டில் கருகலாம், பின்னால் தழும்புக்குள் சிக்கலாம். மேற்கையின் உட்புற எரிச்சலும் அக்குள் மரப்பும் பெரும்பாலும் இதன் விளைவே.

வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. அறுந்த முனையிலிருந்து புதிய இழைகள் தாறுமாறாக முளைத்துச் சிறு முடிச்சாகத் திரளலாம். யாரும் தொடாமலே அந்த முடிச்சு வலிச் செய்திகளை அனுப்பத் தொடங்கலாம். அதோடு, தொடர்ந்து வந்து சேரும் வலிச் செய்திகளால் முதுகுத் தண்டுக்குள் இருக்கும் நரம்பு அணுக்களும் மாறுகின்றன. இரவு பகலாகச் சண்டை நடந்த வீட்டில் வளர்ந்த குழந்தை மெல்லக் கதவு தட்டினாலும் திடுக்கிடுவது போல, அந்த அணுக்கள் சாதாரணத் தொடுதலையும் வலியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகின்றன. லண்டனில் எலிகளை வைத்து ஆய்வு செய்த கிளிஃபோர்டு வுல்ஃப் 1983-இல் இதைத் தெளிவாகக் காட்டினார். காயத்தின் விளைவு காயம் பட்ட இடத்தோடு நிற்பதில்லை, தண்டுவடத்தின் நடத்தையையே மாற்றுகிறது என்பது அதன் சாரம். நரம்பு மறிப்பு ஊசியால் நீடித்த வலியைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையின் வேர் இந்தக் கருத்தில்தான் இருக்கிறது.

இனி அந்த ஊசிக்கு வருவோம். மருத்துவமனைகளில் இதைப் பெரும்பாலும் பிளாக் என்றே சொல்வார்கள். நரம்புகளில் செய்தி ஓடுவது, நரம்பிழையின் சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து மூடுவதால். லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் அந்த வாயில்களை உள்ளிருந்து அடைத்துவிடுகின்றன. செய்தி வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மருந்து கரைந்து இரத்தத்தில் கலந்து வெளியேறியதும் நரம்பு பழையபடி வேலை செய்யும். ஒரே முறை போடும் ஊசியின் பலன் மருந்தையும் இடத்தையும் பொறுத்துப் பல மணி நேரம் இருக்கும். ஒரு நாளைத் தாண்டுவது அரிது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முழு மயக்கம் கொடுத்த பிறகு ஊசி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. முழு மயக்கத்தில் மூளை வலியை உணர்வதில்லை என்பது உண்மை. ஆனால் கத்தி பட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்திகள் தண்டுவடம் வரை வந்துகொண்டேதான் இருக்கின்றன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதிலிருந்தே மயக்கவியல் மருத்துவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள். நரம்பு மறிப்பு அந்தச் செய்திகளை வழியிலேயே நிறுத்துகிறது. மார்பக அறுவையில் பெரும்பாலும் முழு மயக்கம், நரம்பு மறிப்பு இரண்டும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன.

நரம்பு மறிப்பு, மார்பக அறுவை ஆகிய இரு துறைகளின் வரலாறும் ஒரே மனிதரிடம் வந்து முட்டுகிறது. 1884-இல் கார்ல் கொல்லர் என்ற மருத்துவர் கொக்கெய்ன் சொட்டால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்று கண்டறிந்த செய்தி நியூயார்க்கை எட்டியதும், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் தம் தோழர்களோடு சேர்ந்து கொக்கெய்னை நரம்பை ஒட்டிச் செலுத்தி, அந்த நரம்பு போய்ச் சேரும் பகுதி முழுவதும் மரத்துப்போவதைக் காட்டினார். தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்த்ததில் அவர் அந்த மருந்துக்கு அடிமையாகிப் பல ஆண்டுகள் துன்பப்பட்டார். அதே ஹால்ஸ்டெட் பின்னர் பால்டிமோரில், மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒரே துண்டாக அகற்றும் அறுவையை வகுத்து 1894-இல் 50 பெண்களின் விவரங்களை வெளியிட்டார். நரம்பை மறிக்கும் கலைக்கும், அக்குள் நரம்பை மிக அதிகமாகச் சிதைத்த அறுவைக்கும் ஒரே முன்னோடி! அவருடைய அறுவை முறை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. மார்பகத்தில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறையாது என்பது 1980-களின் பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டது. முதலில் புற்று பரவக்கூடிய ஓரிரு காவல் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்ற முறை 1990-களில் பரவியது. அதற்குப் பிறகுதான் அக்குளைத் துப்புரவாக வழித்தெடுப்பது படிப்படியாகக் குறைந்தது.

மார்பக அறுவைக்கென்று இன்று வழங்கும் மறிப்பு முறைகளில் மிகப் பழையது பாராவெர்ட்டிப்ரல் பிளாக். விலாவிடை நரம்பு முதுகெலும்பைவிட்டு வெளியே வரும் இடத்திலேயே, எலும்பை ஒட்டிய சிறு இடைவெளியில் மருந்தைச் செலுத்துவது இது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹூகோ செல்ஹைம் 1905-இல் தொடங்கிவைத்தது. நடுவில் மறக்கப்பட்டு 1979-இல் மீண்டும் உயிர் பெற்றது. நரம்பின் அடிவேரிலேயே மருந்து சேர்வதால் முன்கிளை, பக்கக் கிளை இரண்டும் மரக்கும். மார்புத் தசைகளின் நரம்புகளும் கழுத்திலிருந்து வருபவையும் இதற்குள் அடங்குவதில்லை. ஊசி முனைக்கு வெகு அருகில் நுரையீரல் உறை இருப்பதால் நல்ல பயிற்சி தேவை.

அல்ட்ராசவுண்ட் கருவி அறுவை அரங்குக்குள் வந்த பிறகு, ஊசி போகும் பாதையைத் திரையில் பார்த்தபடியே தசை அடுக்குகளுக்கு இடையில் மருந்தைப் பரப்பும் எளிய முறைகள் பிறந்தன. ரஃபயேல் பிளாங்கோ 2011-இல் விவரித்த பெக்ஸ் பிளாக், இரண்டு மார்புத் தசைகளுக்கு நடுவில் மருந்து செலுத்துவது. அடுத்த ஆண்டே அதன் விரிவாக்கமாக இன்னும் ஆழமான அடுக்கிலும் மருந்து செலுத்தி விலாவிடை நரம்புகளின் பக்கக் கிளைகளையும் அக்குளையும் எட்டும் இரண்டாம் வகை வந்தது. 2013-இல் பக்கவாட்டு விலாத் தசையை ஒட்டிய செர்ரேட்டஸ் பிளாக்கை அவரே மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்டார். மார்பெலும்பின் அருகிலுள்ள முன்கிளைகளை இவை நம்பகமாக எட்டுவதில்லை. ஆகவே மார்பெலும்புப் பக்கமுள்ள கட்டிகளுக்கு இவை மட்டும் போதாமல் போகலாம். 2016-இல் கனடாவில் பணியாற்றிய மொரிசியோ ஃபொரேரோ விவரித்த எரெக்டர் ஸ்பைனே பிளாக், முதுகை நிமிர்த்தும் தசைக்கும் முதுகெலும்பின் பக்க முளைக்கும் இடையில் மருந்தைத் தேக்குவது. நெஞ்சுக்கூட்டில் ஏற்பட்ட நரம்பு வலிக்காகவே அது முதலில் கையாளப்பட்டது. செய்ய எளிது, ஆபத்து குறைவு. ஆனால் மருந்து ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு விதமாகப் பரவுவதால் பலனும் ஒரே சீராக இருப்பதில்லை.

இவை எல்லாமே முதல் நாள் வலியைக் குறைப்பவை, அபினி வகை மருந்துகளின் தேவையைக் குறைப்பவை. அதில் பெரிய சர்ச்சை இல்லை. மார்ஃபின் குறைந்தால் குமட்டலும் வாந்தியும் குறைய வாய்ப்புண்டு. நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார். சர்ச்சை தொடங்குவது அடுத்த கேள்வியில். முதல் நாள் வலியை அடக்கினால், ஓராண்டு கழித்து வரக்கூடிய வலியும் குறையுமா?

குறைய வேண்டும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணங்கள் இருந்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1910-களிலேயே, முழு மயக்கம் மட்டும் போதாது, அறுவை நடக்கும் இடத்து நரம்புகளையும் மரக்கச் செய்தால்தான் காயத்தின் தாக்கம் மூளையை எட்டாது என்று வாதிட்டார். வுல்ஃபின் எலி ஆய்வு வந்த பிறகு வலி ஆய்வாளர் பாட்ரிக் வால் 1988-இல் அந்த வாதத்துக்குப் புது வடிவம் கொடுத்தார். வலி வந்த பின் அடக்குவதைவிட, கத்தி படுவதற்கு முன்பே வழியை அடைத்துவிட்டால் தண்டுவடம் அந்த வலியைக் கற்றுக்கொள்ளவே செய்யாது என்பது அதன் சாரம். இதைவிட அழகான கருதுகோள் கிடைப்பது கடினம். அறுவைக்குப் பின் முதல் நாட்களில் அதிக வலி இருந்தவர்களுக்கே நீடித்த வலியும் அதிகம் வருகிறது என்ற கவனிப்பும் அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது. நரம்பு அதிகமாகச் சிதைந்தவருக்கு முதல் நாளும் வலி மிகும், ஓராண்டு கழித்தும் வலி நிற்கும். அடியில் இருக்கும் காரணம் சிதைவாகவே இருக்கலாம்.

கருதுகோளைச் சோதித்த தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பின்லாந்தில் 60 பெண்களைச் சேர்த்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாராவெர்ட்டிப்ரல் ஊசி பெற்றவர்களிடம் ஓராண்டு கழித்து வலி குறைவாக இருந்தது. இப்படிப்பட்ட சிறு ஆய்வுகள் பல சேர்ந்த பின், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2018-இல் வந்தது. மார்பகப் புற்று அறுவை தொடர்பான 18 ஆய்வுகள், 1297 பெண்கள். 3 முதல் 12 மாதங்கள் கழித்து வலி நீடிக்கும் வாய்ப்பு நரம்பு மறிப்பு பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது. 7 பெண்களுக்கு ஊசி போட்டால் அவர்களில் ஒருவருக்கு நீடித்த வலி தவிர்க்கப்படும் என்று கணக்குச் சொன்னது. மருத்துவத்தில் 7-க்கு ஒன்று என்பது மிக நல்ல பலன். ஆனால் அதே தொகுப்பாய்வு இந்தச் சான்றின் தரம் தாழ்வானது என்றும் சேர்த்தே எழுதியது. முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் உற்சாகமடைந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2019-இல், கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த டேனியல் செஸ்லர் தலைமையிலான பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. (கிரைல் மற்ற மூவரோடு சேர்ந்து 1921-இல் நிறுவிய மருத்துவமனை அது, அவருடைய கருதுகோள் சுற்றிவளைத்து அவருடைய வீட்டுக்கே தேர்வெழுத வந்தது எனலாம்.) அர்ஜென்டினா, சீனா, அயர்லாந்து, ஜெர்மனி, சிங்கப்பூர், அமெரிக்கா முதலிய 8 நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 2132 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்குப் பாராவெர்ட்டிப்ரல் நரம்பு மறிப்பும் புரோபோஃபால் மயக்கமும்; மறுபாதிக்குச் சேவோஃபுளூரேன் மயக்க வாயுவும் அபினி வகை மருந்தும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆய்வின் முதன்மைக் கேள்வி, புற்று திரும்புவதை மயக்க முறை மாற்றுமா என்பது. மாற்றவில்லை, இரு பிரிவிலும் சுமார் 10 விழுக்காட்டினருக்குப் புற்று திரும்பியது. இரண்டாவது கேள்விதான் நமக்கு வேண்டியது. 6 மாதங்கள் கழித்து அறுவைத் தழும்பில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் ஒரு பிரிவில் 52 விழுக்காடு, மற்றதிலும் 52 விழுக்காடு. 12 மாதங்கள் கழித்து 28-உம் 27-உம். நரம்பு வலியின் இயல்புடைய வலியிலும் வேறுபாடு இல்லை.

இந்த எண்களை எத்தனை முறை பார்த்தாலும் அவை சொல்வது மாறுவதில்லை. அப்படியானால் முந்தைய 18 ஆய்வுகள் பொய் சொன்னனவா? பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஆய்வின் இயல்பு அது. 60 பேரை 30, 30 ஆகப் பிரித்தால், ஒரு பக்கம் 15 பேருக்கும் மறுபக்கம் 10 பேருக்கும் வலி என்பது 50-க்கு 33 விழுக்காடாகத் தெரியும். ஐந்தே ஐந்து பெண்களின் பதிலில் பிறக்கும் இந்த வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடலாம். வேறுபாடு தென்பட்ட சிறு ஆய்வு இதழில் அச்சேறும். தென்படாத சிறு ஆய்வு மேசை இழுப்பறையில் உறங்கும். பின்னர் ஒருவர் அச்சேறியவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் விடை ஒரு பக்கமாகச் சாயத்தான் செய்யும். போதாததற்கு, வலியை ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது. சிலவற்றில் ஓராண்டுக்குள் பல பெண்கள் தொடர்பில் இல்லாமல் போனார்கள்.

பெரிய ஆய்வுக்கும் குறைகள் உண்டு. நீடித்த வலி அதன் முதன்மைக் கேள்வி அல்ல. எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை செய்து நரம்புச் சிதைவை அளக்கவில்லை. பெக்ஸ், செர்ரேட்டஸ் போன்ற புதிய முறைகள் அதில் சோதிக்கப்படவில்லை. எனவே எந்த மறிப்பு முறையும் எவருக்கும் நீடித்த வலியைக் குறைக்காது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என் கருத்தில், நியாயமான முடிவு இதுதான்: பாராவெர்ட்டிப்ரல் பிளாக்கை எல்லோருக்கும் போட்டால் ஓராண்டு வலி கணிசமாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பை இனி வைத்துக்கொள்ள முடியாது, சிறு பலன் யாருக்கேனும் இருக்கலாம், அதை நிறுவ வேண்டிய பொறுப்பு இனி வரும் ஆய்வுகளுடையது.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் கையிலேயே இருக்கிறது. ஊசியின் பலன் பல மணி நேரம். காயத்தின் அழற்சியோ பல நாட்கள். வெட்டுப்பட்ட நரம்பு முனையின் தொல்லை பல மாதங்கள். அதற்கு மேல் கதிர்வீச்சு வேறு வருகிறது. ஒரு நாள் வழியை அடைத்துவிட்டு அடுத்த நாள் திறந்துவிட்டால், தண்டுவடத்துக்குச் செய்தி ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். மெல்லிய குழாய் வைத்து மருந்தைச் சில நாட்கள் தொடர்ந்து செலுத்தும் முறை இந்த யோசனையில்தான் பிறந்தது. ஆனால் அறுந்த நரம்பை எந்த மரப்பு மருந்தும் ஒட்டவைப்பதில்லை.

இந்தியாவோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அதையும் நரம்பு மறிப்பையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை வழிநடத்திய, 2023-இல் வெளிவந்த ஆய்வில், கட்டியைச் சுற்றி அறுவைக்குச் சற்று முன் லிக்னோகெய்ன் செலுத்தப்பட்ட பெண்களிடம் 5 ஆண்டு உயிர்வாழும் விகிதம் 86.4-லிருந்து 90.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அது நரம்பு மறிப்பு அல்ல. கேள்வியும் வலியைப் பற்றியது அல்ல. மருந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது குறைவு.

நீடித்த வலி வரும் வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்பது ஊசியைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஏறக்குறைய 20,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, அக்குள் கணுக்களை முழுமையாக அகற்றுவது நீடித்த வலியின் வாய்ப்பை 21 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவதாகக் கணித்தது. இளம் வயது, கதிர்வீச்சு, அறுவைக்கு முன்பே இருந்த வலி, அறுவைக்குப் பின் முதல் நாட்களின் கடும் வலி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறியது. இவற்றில் மருத்துவர்கள் கை வைத்து மாற்றக்கூடியது அக்குள் அறுவைதான். காவல் கணுவில் புற்று இல்லாவிட்டால் மற்றக் கணுக்களை விட்டுவைப்பதும், எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேற்கைக்குப் போகும் அந்த நரம்பை இயன்றவரை காப்பாற்றுவதும் ஊசியைவிடப் பெரிய வலித் தடுப்பாக இருக்கக்கூடும். நம் நாட்டில் நோய் முற்றிய நிலையில் வருபவர்கள் அதிகம் என்பதால் அக்குளை முழுமையாக வழித்தெடுக்க வேண்டிய நிலையும் அதிகம். கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதால் கிடைக்கும் இந்த நன்மையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அப்படியானால் ஊசியே வேண்டாம் என்று மறுத்துவிடலாமா? மறுக்கக் காரணம் இல்லை. அறுவை முடிந்து கண் விழிக்கும்போது வலி குறைவாக இருப்பது தன்னளவிலேயே பெறத்தக்க நன்மை. அதற்கு ஓராண்டு கழித்த பலன் ஒன்றைச் சாட்சியாக அழைக்க வேண்டியதில்லை. ஆபத்துகள் அரிது, ஆனால் இல்லாமலில்லை. பாராவெர்ட்டிப்ரல் முறையில் ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துக் காற்று கசியலாம். மருந்து தண்டுவட உறைப் பக்கம் பரவி இரத்த அழுத்தம் இறங்கலாம். எந்த முறையிலும் மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனாலோ அளவு மிஞ்சினாலோ காதில் இரைச்சல், நாக்கு மரப்பு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று வளரக்கூடிய நச்சுத்தன்மை உண்டு. அந்த நச்சை முறிக்கக் கொழுப்புக் குழம்பு மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது இன்றைய வழக்கம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், முன்பு மரப்பு ஊசியால் ஒவ்வாமை வந்தவர்களும் அதை முன்கூட்டியே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த வகை பிளாக், அது மார்பகத்தின் எந்தப் பகுதியை எட்டாது, எத்தனை மணி நேரத்தில் தெளியும் என்பவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தெளியும் நேரம் தெரியாதவர்கள், நள்ளிரவில் திடீரென வலி கிளம்பும்போது அறுவையில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். மரப்பு முழுவதும் தெளிவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கிவிட்டால் அந்த இடைவெளி விழாது.

மூன்று மாதங்கள் கடந்தும் வலி நிற்கவில்லை என்றால், முதலில் புற்று, சீழ், கை வீக்கம், தோள் மூட்டு இறுக்கம் ஆகியவை காரணமா என்று பார்க்க வேண்டும். அவை இல்லை என்று ஆன பிறகு, இது நரம்பிலிருந்து வரும் வலியா என்பதைக் கண்டறிய டி.என்.4 போன்ற குறுகிய வினாப்பட்டியல்கள் உதவுகின்றன; எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற குத்தல், ஊறல், மரப்பு, துணி பட்டால் வலித்தல் போன்ற 10 கேள்விகளில் நான்குக்கேனும் ஆம் என்றால் நரம்பு வலி என்று கருத இடமுண்டு. இத்தகைய வலிக்குப் பாராசிட்டமால் வகையறா அதிகம் உதவாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவையே முதலில் கொடுக்கப்படுகின்றன. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரை எடுக்கும் பெண்கள் டுலாக்செடின் தொடங்குமுன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். டுலாக்செடின், டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவமாக மாறுவதைக் குறைக்கக்கூடியது. ஒரு சிறு இடத்தில் மட்டும் வலி என்றால் லிக்னோகெய்ன் ஒட்டுத் தாள் போதுமானதாக இருக்கலாம். தோள் இறுகிவிடாமல் இருக்க இயன்முறைப் பயிற்சி இதனோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

நரம்பு மறிப்பு ஊசிக்கு இந்தக் கட்டத்தில் வேறொரு பயன் உண்டு. அக்குள் நரம்பை அல்ட்ராசவுண்ட் துணையோடு தேடிப் பிடித்துச் சிறிதளவு மருந்து செலுத்தி, வலி சில மணி நேரமாவது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால், தொல்லை தரும் நரம்பு எது என்பது தெரிந்துவிடும். அடுத்த சிகிச்சையை அந்த ஒரு நரம்பை நோக்கித் திருப்பலாம். வலி சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் இதைப் புறநோயாளியாகவே செய்துகொள்ள முடியும்.